‘ஹலோ’வுக்கு வைத்த அளவு

அன்றைக்கு மைக் செட்டின் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான்தான். இரண்டு வருடம் ஆகியும் அந்த ஐந்து நிமிடம் என்னை விடவில்லை. தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர், சுடலைமாடன் கோயில் கொடை. நள்ளிரவு வரை அனுமதி வாங்கியிருந்தார்கள். சாமக்கொடை நெருங்கும் நேரத்தில் வில்லுப்பாட்டு அக்கா, சாமியை அழைக்கும் வரத்துப் பாட்டில் ஏறினார். குடம் வேகம் எடுத்தது, உடுக்கை துடித்தது, சாமியாடும் கோமரத்தாடி எழுந்து நின்றுவிட்டார். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அக்காவின் குரல் உடைந்தது. அவர் தொண்டையில் ஒரு குறையும் இல்லை. உடைந்தது என் கருவியில்தான்.

கிழிந்த தகரத்தில் ஆணியால் இழுப்பதுபோல் ஒரு கரகரப்பு. அந்த மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இழுத்தேன். சத்தம் குறைந்தது, கரகரப்பு அப்படியே இருந்தது. மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரைக் குறைத்தேன், அப்போதும் அதேதான். பெட்டிகளை ஓட்டும் பவர் ஆம்பின் சிவப்பு விளக்கைப் பார்த்தேன், எரியவில்லை. அப்படியானால் மைக்கில் கோளாறு என்று நினைத்தேன். சொற்கள் தெளியட்டும் என்று டிரெபிளை, அதாவது கீச்சு ஒலியின் அளவை, கூட்டினேன். குறைத்திருந்த ஃபேடரையும் பழைய இடத்துக்கு ஏற்றினேன். மூன்று நான்கு விநாடி ‘கீ’ என்று ஓர் ஊளை. பிறகு இடப்பக்க ஒலிபெருக்கிப் பெட்டியில், கீச்சு ஒலியைத் தரும் டுவீட்டர் போய்விட்டது. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் அது. அதன் பிறகு அவர்களுக்கு அக்காவின் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல்தான் கேட்டிருக்கும்.

தீபாராதனை முடிந்து எல்லோரும் கலைந்தபின் அக்கா வந்தார். கோபப்படவில்லை. “சத்தம் போய்ச் சேர்ந்தது தம்பி, சொல்லு போய்ச் சேரவில்லை” என்றார். அவ்வளவுதான். ஊர் திரும்பும் வேனில் அந்த ஒரு வரியைத்தான் சுமந்துகொண்டு வந்தேன்.

வில்லுப்பாட்டைத் தெரிந்தவர்களுக்கு அவர் சொன்னது எவ்வளவு பெரிய குறை என்று விளங்கும். மற்றப் பாட்டுகளில் ஒரு வரி தவறினால் அடுத்த வரியில் பிடித்துக்கொள்ளலாம். வரத்துப் பாட்டு அப்படியல்ல. சாமியின் பிறப்பையும் வந்த வழியையும் கையில் எடுத்த ஆயுதத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அழைப்பது அது. அழைக்கிற சொல் காதில் விழவேண்டும். அந்தச் சொல்லைத் திடல் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் எங்களுக்குக் கூலி கொடுக்கிறார்கள். அதைத்தான் நான் தவறவிட்டேன்.

பாதியில் வைத்தால் பெட்டி பிழைக்கும்

எங்கள் வீட்டில் மைக் செட் தொழில் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. அவரிடம் இருந்தது ஒரே பெட்டி. மைக் சொருகும் இடமும் ஆம்பிளிபையரும் அதற்குள்ளேயே. பின்னால் இரண்டு ஒயர், வேப்பமரத்தின் மேல் இரண்டு குழாய். அதில் பிழை செய்ய இடம் குறைவு. இன்றைக்கு மிக்சர் தனி, பவர் ஆம்ப் தனி, பெட்டிகள் தனி. ஒரு குரல் மைக்கிலிருந்து பெட்டிக்குப் போவதற்குள் நாலைந்து இடத்தில் அதைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. மைக்கிலிருந்து வருவதை முதலில் பெருக்கும் கெயின், சேனல் ஃபேடர், மாஸ்டர், ஆம்பின் குமிழ். ஒரே சத்தத்தை இந்த நான்கையும் வெவ்வேறு விதமாக வைத்துக் கொண்டுவந்துவிடலாம். காதுக்கு முதலில் வேறுபாடு தெரியாது. பாட்டு உச்சிக்குப் போகும்போதுதான் தெரியும்.

தொழிலில் நுழைந்தபோது எனக்குக் கிடைத்த உபதேசம், ஆம்பின் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பாதே, பெட்டி பிழைக்கும் என்பது. சொன்னவர்கள் அனுபவசாலிகள், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். அந்தக் குமிழ் ஏதோ குழாயின் திருகுபோல, பாதி திறந்தால் பாதித் தண்ணீர்தான் வரும் என்ற நினைப்பு எனக்குள் ஊறிவிட்டது.

டுவீட்டரை மாற்றிக்கொண்டுவந்த மறுநாள், உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் ஆம்புக்கு உள்ளே 1.4 வோல்ட் போனால் அது முழுத் திறனைக் கொடுக்கும். குமிழின் நடுக்குறியில் மைனஸ் 12 டெசிபல் என்று அச்சிட்டிருக்கிறது. 12 டெசிபல் என்றால் மின்னழுத்தத்தில் நான்கில் ஒரு பங்கு. அதாவது குமிழைப் பாதியில் வைத்தால், அதே முழுத் திறனை எட்ட 5.6 வோல்ட் வேண்டும். என் மிக்சரோ மீட்டர் பூஜ்யத்தில் நிற்கும்போது 1.23 வோல்ட் தருகிறது, அதற்கு மேலும் 18 டெசிபல் ஏறி ஏறக்குறைய 9.8 வோல்ட் வரை தரும். 5.6 வோல்ட்டை எளிதாகத் தாண்டிவிடும். பிறகு அந்தப் பாதிக் குமிழ் எந்தப் பெட்டியை எதிலிருந்து காப்பாற்றியது? ஆம்ப் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அந்தக் குமிழ் தீர்மானிப்பதில்லை. உள்ளே வருவதில் எவ்வளவை ஏற்பது என்பதைத்தான் தீர்மானிக்கிறது. பெட்டியைக் காப்பாற்ற வேண்டுமானால் பெட்டிக்குப் பொருந்திய ஆம்ப் வேண்டும், அதில் அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டர் இருந்தால் அதைப் போட்டுவைக்க வேண்டும்.

இதற்காகக் குமிழை முழுக்கத் திறந்துவை என்று சொல்லும் கட்சியிலும் நான் சேரவில்லை. கொஞ்ச காலம் அதையும் செய்து பார்த்திருக்கிறேன். ஆம்ப் முழுக்கத் திறந்திருந்தால் மிக்சரை அடிமட்டத்தில் வைத்து ஓட்ட வேண்டியிருக்கும். ஃபேடரை நெல்லளவு நகர்த்தினாலும் சத்தம் துள்ளும், பாட்டு நின்ற நேரமெல்லாம் பெட்டியிலிருந்து ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் வரும். காப்பு பாடி முடித்து, அடுத்த வரிக்குமுன் விழும் அமைதியில் அந்த இரைச்சலைக் கேட்பது எனக்கு வேதனையாக இருக்கும்.

அன்று உண்மையில் நடந்தது இதுதான். மாலையில் மைக் சரிபார்க்கும்போது, அக்காவின் குழுவில் ஒரு தம்பி மைக்கை ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” என்றார். அதற்கு நான் கெயினை வைத்தேன். பாட்டு தொடங்கி, அக்கா கதை சொல்லும் பகுதியில் குரலைத் தணித்துப் பேசினார். விழாக் குழுவிலிருந்து ஒருவர் வந்து, கடைசியில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றார். அப்போது நான் ஆம்பைத்தான் திறந்திருக்க வேண்டும். பாதியைத் தாண்டக்கூடாதே என்ற பயத்தில் கெயினை இன்னும் திருப்பினேன். பெட்டியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, குரல் உள்ளே நுழையும் முதல் வாசலை அடைத்துவிட்டேன்.

அந்த முதல் வாசலில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் பாடகர்களின் கையில் இருக்கிறது. அந்த வகை டைனமிக் மைக், 94 டெசிபல் சத்தத்துக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் தரும். ஒரு சாண் தூரத்தில் சாதாரணமாகப் பேசினால் அதில் ஒரு சிறு பங்குதான் வரும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். ஒரு சாணிலிருந்து ஒன்றரை விரற்கடைக்கு வரும்போது தூரம் மூன்று முறை பாதியாகிறது, 18 டெசிபல். பேச்சிலிருந்து வரத்துப் பாட்டின் உச்சிக்குத் தொண்டை ஏறுவது இன்னும் ஒரு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் ஏறக்குறைய 40 டெசிபல், மின்னழுத்தத்தில் நூறு மடங்கு. ‘ஹலோ’வுக்கு வைத்த கெயினில் நூறு மடங்கு பெரிய குரல் வந்து முட்டினால் அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டுப் போகும். வெட்டுப்பட்ட பிறகு ஃபேடரைக் குறைத்தால், வெட்டுப்பட்ட குரல் சின்னதாகக் கேட்கும், அவ்வளவே. நான் மாற்றி மாற்றி ஃபேடரையும் மாஸ்டரையும் இழுத்தும் கரகரப்பு போகாததன் காரணம் இது. ஆம்பின் சிவப்பு விளக்கு எரியாததற்கும் இதுவே காரணம், ஏனென்றால் அது தனக்கு வந்ததை ஒழுங்காகவே பெருக்கிக்கொண்டிருந்தது. எரிந்தது மிக்சரில், அக்காவின் சேனலில், கெயின் குமிழுக்குப் பக்கத்திலிருந்த பொட்டு விளக்கு. அதை நான் பார்க்கவில்லை.

டுவீட்டரைக் கொன்றது, டிரெபிளைக் கூட்டியதால் பெட்டியின் ஒலி மறுபடி மைக்கில் ஏறி வந்த ஊளை. அந்த மெல்லிய கம்பிச் சுருளுக்குப் பாட்டின் நடுவே ஆறுவதற்கு இடைவெளி கிடைக்கும். ஊளை இடைவெளி தராது.

வரத்தை மாலையில் பாட முடியாது

மறுவருடம் அதே கோயிலிலிருந்து அழைத்தார்கள். அக்காதான் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அந்த நம்பிக்கைக்கு நான் என்ன கைம்மாறு செய்வது என்று பல நாள் யோசித்தேன். எங்கள் ஊரில் வால்வு ஆம்பிளிபையர் காலத்திலிருந்து தொழில் செய்த ஓர் அண்ணாச்சி இருக்கிறார். இப்போது வெளியே போவதில்லை. அவரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, “நீ மைக்கைப் பார்த்தாய், பாட்டைப் பார்க்கவில்லை. அவர்கள் எங்கே அதிகமாகப் பாடுவார்களோ அதைப் பாடச் சொல்லி அளவு வை” என்றார்.

கேட்பதற்கு எளிய யோசனை. மாலை நான்கு மணிக்கு மேடையில் மைக்கை நட்டுவிட்டு அக்காவிடம் போனேன். “அக்கா, வரத்துப் பாட்டில் நாலு வரி முழுக் குரலில் பாடிக் காட்டுங்கள், அளவு வைத்துக்கொள்கிறேன்” என்றேன். குடம் அடிக்கிற அண்ணன், குடத்தைத் தட்டும் பத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அக்கா சற்று நேரம் பேசவில்லை.

“அதை இப்போது பாடக்கூடாது தம்பி. பாடினால் யாராவது ஆடிவிடுவார்கள். அழைத்துவிட்டு, சும்மாதான் அழைத்தோம் என்று சொல்ல முடியுமா?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் கேட்டது எவ்வளவு தப்பு என்று அந்தக் கணத்தில் உறைத்தது. அது ஒரு பாட்டு, உச்ச அளவு தெரிந்துகொள்ளப் பயன்படும் நாலு வரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். கோயில் வாசலில் அப்போதே இரண்டு மூன்று பாட்டிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கோமரத்தாடி விரதத்தில் இருந்தார். பீடத்துக்கு மாலைகூடச் சாத்தவில்லை. அந்த வேளையில் அந்தச் சொற்களை ஒரு கருவியின் விளக்குக்காகச் சொல்லச் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு, பழையபடி ‘ஹலோ’வுக்கே அளவு வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான் என்று திரும்பினேன்.

“இரு” என்றார். குடம் அடிக்கிறவரிடம் ஏதோ சொன்னார். உடுக்கைக்காரர் எழுந்து வந்தார். அக்கா வில்லைத் தட்டும் வீசுகோலைக் கையில் எடுத்து, எப்போதும் உட்காரும் இடத்தில் எப்போதும்போல் உட்கார்ந்து, மைக்கை உதட்டருகே இழுத்துக்கொண்டார். வில் அதிர்ந்தது, மணிகள் குலுங்கின. வரத்துப் பாட்டின் மெட்டும் வேகமும் சுருதியும் அப்படியே வந்தன. சொல்லுக்குப் பதிலாக, “தன்னானே தானே நன்னே தன்னானே தானே.” பெயர் இல்லை, அழைப்பு இல்லை, ஆயுதம் இல்லை. குரல் மட்டும் முழுசாக இருந்தது. அடிவயிற்றிலிருந்து எழும்பி, திடலைத் தாண்டி, வாழைத்தோட்டம் வரைக்கும் போகிற குரல். வாசலில் இருந்த பாட்டிகள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். யாரும் ஆடவில்லை.

நான் ஓடிப்போய் மிக்சரில் அமர்ந்தேன். அக்காவின் சேனலில் பி.எஃப்.எல். பொத்தானை அழுத்தினேன், அந்தச் சேனலின் உள்ளே வருவது மட்டும் மீட்டரில் தெரிவதற்காக. போன வருடம் கெயின் குமிழின் முள், கடிகாரத்தின் மணிமுள்போல் மூன்றுக்குப் பக்கம் நின்றது. பொட்டு விளக்கு எரிந்தது. குறைத்தேன், எரிந்தது. இன்னும் குறைத்தேன். அக்கா உச்சிக்குப் போய் நிற்கும் இடத்தில்கூட விளக்கு எரியாமல், அதற்குமேலும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும்படி குமிழ் வந்து நின்றபோது முள் பதினொன்றுக்கு முன்னால் இருந்தது. உதட்டருகே மைக் வரும்போது அடிச்சத்தம் தடிப்பதையும், குடத்தின் அதிர்வு பலகை வழியே ஏறுவதையும் தடுக்க, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானையும் போட்டேன்.

இனி கதை சொல்லும் பகுதியில் குரல் தாழும். அதற்குக் கெயினைத் தொடக்கூடாது. ஃபேடரில் கை வைத்து, பேச்சில் ஏற்றி, பாட்டில் இறக்கிக்கொண்டே போக வேண்டும். இது சொகுசாக உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை. கதையைக் கூடவே கேட்டு, அடுத்து எங்கே ஏறப்போகிறார் என்று தெரிந்து, அரை விநாடி முன்னால் விரல் நகர வேண்டும். அந்த வருடம்தான் நான் முதன்முதலாக ஒரு வில்லுப்பாட்டை முழுக்கக் கேட்டேன் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது.

மீதி வேலை சீக்கிரம் முடிந்தது. மிக்சரில் மாஸ்டர் 0 குறியில், மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி. ஆம்ப் முழுக்க மூடியிருந்தது. கூட வந்த பையனைத் திடலின் கடைசியில் நிறுத்திவிட்டு, அக்காவைக் கதை சொல்லும் குரலில் பேசச் சொன்னேன். அவன் கையைத் தூக்கும்வரை ஆம்பை மெல்லத் திறந்தேன். குமிழ் மைனஸ் 6இல் நின்றது. பாதியைத் தாண்டியிருந்தது. என் கை கொஞ்சம் நடுங்கியது உண்மை.

விழாக் குழுவினர் இன்னும் பெரிய ஆம்ப் கொண்டுவரக்கூடாதா என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். என் பெட்டி ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 97 டெசிபல் தருவது. 100 வாட் கொடுத்தால் 117. வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும், 32 மீட்டரில் மொத்தம் 30 குறைந்து 87 நிற்கும். பக்கத்தில் நின்று பேசுகிறவரின் குரலைவிட அது நன்றாகவே அதிகம். திறனை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல், காதுக்கு லேசாகத்தான் தெரியும். சத்தம் இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு திறன் வேண்டும். அந்தக் காசுக்கு அக்காவின் முன்னால் ஒரு நல்ல மானிட்டர் பெட்டி வைக்கலாம் என்றேன், வைத்தார்கள். தன் குரல் தனக்குக் கேட்காத பாடகர் தொண்டையைத் தள்ளித்தான் பாடுவார். விடியும்போது அந்தத் தொண்டை என்ன ஆகும் என்று விழாக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

இன்னொன்றும் செய்தேன். போன வருடம் மேடையில் எட்டு மைக் திறந்திருந்தன. திறந்திருக்கும் மைக் இரட்டித்தால், ஊளை வருமுன் நமக்குக் கிடைக்கும் இடத்தில் 3 டெசிபல் போய்விடும். நான்காகக் குறைத்தேன். வலம் பாடும் அக்காவுக்கு ஒன்று, இடம் பாடுகிறவர்களுக்குச் சேர்த்து ஒன்று, குடத்துக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று. வில்லுக்கும் தாளத்துக்கும் மைக்கே வேண்டாம். அவை அக்காவின் மைக்கிலேயே போதுமான அளவு ஏறிவிடுகின்றன. இடம் பாடுகிற அண்ணனுக்குத் தனி மைக் போனதில் கொஞ்சம் வருத்தம். அவரிடம் காரணத்தைச் சொன்னேன். முழுக்க ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை, ஆனால் அருகில் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்.

கொடையன்று இரவு பத்து மணியானதும் ஆம்பின் குமிழை மட்டும் இறக்கினேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். தளர்வு கிடைத்த நாளிலும் தெருவில் தூங்குகிற குழந்தைகள் இருக்கிறார்கள். சத்தத்தைக் கோயில் திடலுக்குள் அடக்க ஆம்பைக் குறைப்பதுதான் சரியென்று எனக்குப் படுகிறது. மிக்சரில் குரலுக்கும் குடத்துக்கும் வைத்த விகிதம் குலையாது, கெயினில் கை படாது. இப்படிக் குறைந்த சத்தத்திலும் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைவரை கேட்டது.

ஆனால் அது இரவுக் கதை, அன்று மதியத்திலேயே எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. முதல் நாள் மாலை ‘தன்னானே’வுக்கு வைத்த அளவு, மறுநாள் மதியக் கொடையில் வரத்துப் பாட்டைச் சந்தித்தது. அக்கா ஏறத் தொடங்கியதும் ஃபேடரைக் கொஞ்சம் தணித்தேன். பொட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடம் வேகம் எடுத்தது. அவர் உச்சியில் போய் நின்று, பெயரைச் சொன்னார். விளக்கு எரியவில்லை. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பெண்களிடமிருந்து குலவை எழுந்தது. மிக்சரிலிருந்து கையை எடுத்துவிட்டு நானும் கும்பிட்டேன்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் அக்கா சுக்குக் காப்பியோடு மேடைக்கு வந்தார். நன்றாக இருந்தது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் குடத்தைப் பார்த்தார், அதன் பக்கத்தில் நின்ற மைக்கைப் பார்த்தார்.

“ராத்திரிக்கு அந்த மைக்கை இன்னும் ஒரு முழம் தள்ளி வை தம்பி. குடம் என் சொல்லை மிதிக்கிறது.”